எடைக்கல் யார் கையில்?

(மும்பையில் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைக் கேட்டால் சிலர் எழுந்து போய்விடக்கூடும். மின்சாரத் திட்டம் போடும்போது பல அளவுகோல்களை வைத்து முடிவெடுக்கும் முறை, இதுதான் பொருள். படித்தவர்கள் இதை மல்டி கிரைட்டீரியா டெசிஷன் அனாலிசிஸ் என்கிறார்கள். பெயர்தான் பெரிது. நான் மெட்ரிக்குலேஷன் வரை படித்தவன், ரயில்வேயில் குமாஸ்தா. எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

இதை ஏன் சங்கக் கூட்டத்தில் பேசவேண்டும்? இந்த நகரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரவேண்டும், அதன் புகை யார் மூக்கில் ஏறவேண்டும், யார் குடிசை அதற்காகப் பெயரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் ஒரு பட்டியல் போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பட்டியலை வாசிக்க உழைக்கும் மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான்.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு குடும்பம் கோலி தேடுகிறது. சயான் பக்கம் ஒன்று இருக்கிறது, திவா பக்கம் ஒன்று இருக்கிறது. சயானில் வாடகை அதிகம். ஆனால் குழாய் வாசலிலேயே, ஸ்டேஷனும் நடக்கிற தூரம். திவாவில் வாடகை குறைவு. தண்ணீருக்கு விடியுமுன் வரிசையில் நிற்கவேண்டும், லோக்கலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவோம். வாடகையில் சயானுக்கு 3, திவாவுக்கு 8. தண்ணீரில் சயானுக்கு 8, திவாவுக்கு 3. போக்குவரத்தில் சயானுக்கு 8, திவாவுக்கு 5. இதுவரை புருஷனுக்கும் மனைவிக்கும் தகராறு இல்லை.

இனி, எந்த விஷயத்துக்கு எவ்வளவு எடை என்று கேளுங்கள். மொத்தம் 10 எடை, பிரித்துக் கொடுக்கவேண்டும். புருஷன் வாடகைக்கு 6, போக்குவரத்துக்கு 3, தண்ணீருக்கு 1 என்பார். மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால் சயானுக்கு 50, திவாவுக்கு 66. மூட்டையைக் கட்டு, திவாவுக்குப் போகலாம்! அதே கேள்வியை அந்த அம்மாவிடம் கேளுங்கள். தண்ணீருக்கு 5, வாடகைக்கு 3, போக்குவரத்துக்கு 2 என்பார். இப்போது சயானுக்கு 65, திவாவுக்கு 49. மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. கணக்கிலும் பிழை இல்லை. எடை மாறியது, தீர்ப்பு தலைகீழாகப் புரண்டது. எடை ஏன் மாறியது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குடம் தூக்குகிறவர் அவர்.

இதுதான் அந்தப் பெரிய பெயர் கொண்ட முறை. இடது பக்கம் மேலிருந்து கீழாக, நம்முன் உள்ள வழிகள்: அணை, நிலக்கரி, எரிவாயு, அணு உலை, காற்றாலை, சூரிய ஒளி. குறுக்கே, பத்தி பத்தியாக அளவுகோல்கள்: யூனிட் என்ன விலை, எத்தனை பேர் வீடிழப்பார்கள், எவ்வளவு சாம்பலும் புகையும், எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு வேலை, சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் கைகொடுக்குமா. விலை ரூபாயில் இருக்கும், சாம்பல் டன்னில் இருக்கும், வீடிழந்தவர்கள் தலைக்கணக்கில் இருப்பார்கள். ரூபாயையும் டன்னையும் தலையையும் கூட்டமுடியாது. ஆகவே எல்லாவற்றையும் மதிப்பெண்ணாக்கி, எடை போட்டுக் கூட்டுகிறார்கள்.

முன்காலத்தில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. எது மலிவோ அதைக் கட்டு. 1973ல் எண்ணெய் விலை ஏறி உலகமே ஆட்டம் கண்ட பிறகு, அணைக்கும் அணு உலைக்கும் எதிராக மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, ஒரே பத்தி போதாது என்பது அரசாங்கங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. தாமஸ் சாட்டி என்று ஒரு கணித அறிஞர், இராக்கின் மோசூலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர், 1970களில் ஒரு முறையை வகுத்தார். எல்லா அளவுகோல்களையும் மொத்தமாக முன்னே வைத்துக்கொண்டு மனிதன் திணறுகிறான். இரண்டிரண்டாக எடுத்துக்கேள்: விலை பெரிதா, காற்று பெரிதா, எத்தனை மடங்கு பெரிது, 1 முதல் 9க்குள் சொல். அந்தப் பதில்களிலிருந்து எடையைக் கணக்குப் போட்டு எடுக்கலாம் என்றார். உலகம் முழுக்க மின்சாரத் திட்டக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்? ஏழெட்டு நிபுணர்களை ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டால், அந்த ஏழெட்டுப் பேரின் வீட்டு ஜன்னல் எந்தத் திசையில் திறக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கில் ஏறும்.

இன்னொருவர் பெர்னார் ருவா, பிரெஞ்சுக்காரர். அவர் 1960களிலேயே வேறொரு வழியைத் தொடங்கிவிட்டார். எனக்கு அவர் வழிதான் அதிகம் பிடிக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். மதிப்பெண்களைக் கூட்டும்போது ஒரு பத்தியின் லாபம் இன்னொரு பத்தியின் நஷ்டத்தை விழுங்கிவிடுகிறது. மின்சாரம் யூனிட்டுக்குப் பத்துப் பைசா மலிவு, அதற்கு ஈடாக ஒரு பேட்டையின் குழந்தைகளுக்கு இருமல். கூட்டிப் பார்த்தால் சரியாகிவிடும்! ருவா, எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது என்றார். ஒரு வழி ஓர் அளவுகோலில் மிகவும் மோசமாக இருந்தால், மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை உயர்ந்தது என்று சொல்ல விடக்கூடாது. வீட்டோ. ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து வல்லரசுகளிடம் இருக்கிறதே, அதே வீட்டோ.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதில்லை. டெண்டரில் இரண்டு உறை உண்டு. தொழில்நுட்ப உறையை முதலில் பிரிப்போம். பொருள் தரத்தில் தேறாவிட்டால் அவனுடைய விலை உறையைப் பிரிப்பதே இல்லை. பிரேக் கட்டை பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் சமயத்தில் பிடிக்காது என்றால் யாராவது வாங்குவார்களா? ரயிலுக்கு இருக்கிற இந்த நியாயம் ரயில் பாதையோரம் குடியிருக்கிறவனின் நுரையீரலுக்கும் இருக்கவேண்டாமா?

சரி, நம் மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம், இந்த மாநிலத்து மின்கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் நாம். ஆகவே இது நம் மாநிலம்.

1992 ஜூன் மாதம் என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆட்கள் பம்பாய்க்கு வந்தார்கள். சில நாட்களுக்குள் மாநில மின்வாரியம் அவர்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ரத்னகிரி மாவட்டத்தில் தாபோல் என்ற இடத்தில் சுமார் 2,000 மெகாவாட் மின்நிலையம். டெண்டர் கிடையாது, இரண்டாவது ஆள் கிடையாது. பட்டியலில் ஒரே ஒரு வழி! ஒரே ஒரு பெயர் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலை நான் எடுத்துக்கொண்டு போனால் என் மேலதிகாரி என் முகத்தில் வீசுவார். ஒரு மாநிலத்தின் எதிர்காலத்தை அப்படி எழுதினார்கள்.

1993 ஏப்ரலில் உலக வங்கியே இதற்குக் கடன் தரமுடியாது என்றது. உலக வங்கி ஏழைகளின் கட்சி என்று யாரும் நினைக்கவேண்டாம். அவர்களுடைய ஒற்றைப் பத்திக் கணக்கிலேயே இது தேறவில்லை. தேவைக்கு மேல் மின்சாரம், அதுவும் இறக்குமதி எரிபொருளில், மலிவான நிலக்கரி மின்சாரத்தை ஓரம்கட்டிவிட்டு வாங்கவேண்டியிருக்கும் என்றது வங்கி. அதே ஆண்டு டிசம்பரில் மின்கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கான கட்டணத்தை வாரியம் கொடுத்தே ஆகவேண்டும். டாலர் ஏறினால் பில்லும் ஏறும். 1995ல் எதிர்க்கட்சிகள் என்ரானைக் கடலில் எறிவோம் என்று ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தன. ஆகஸ்டில் ரத்து செய்தன. சில மாதத்தில் மறுபேச்சு நடத்தி, முன்பைவிடப் பெரிய நிலையத்துக்குச் சம்மதம் கொடுத்தன. இதை நான் விளக்கவேண்டியதில்லை, ஆளும் வர்க்கத்தின் கொடி மாறும், கோப்பு மாறாது.

கிராமத்தவர்கள் எதிர்த்தார்கள். 1997 ஜூனில் வேல்தூர் என்ற மீனவர் கிராமத்தில் போலீஸ் புகுந்து பெண்களைக் கைது செய்தது. அந்தக் கடலும் அந்த மீனும் எந்தப் பத்தியிலும் இல்லை. தொழிற்சங்கத்தார் நீதிமன்றம் போனார்கள். புனேயில் பிரயாஸ் என்ற சிறிய குழுவினர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அரசு சொல்லாத கணக்கை மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சொன்னபடியேதான் ஆயிற்று. 1999 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. யூனிட் விலை ஏழு ரூபாயைத் தாண்டிய மாதங்களும் வந்தன. 2001 மே மாதம் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று. பின்பு 2005ல் பொதுத்துறை நிறுவனங்கள் வந்து அதைத் தூக்கி நிறுத்தவேண்டியதாயிற்று. 2015 முதல் சில ஆண்டுகள் அந்த மின்சாரத்தை வாங்கி ஓடியது வேறு யாருமல்ல, நம் ரயில்வேதான். தனியார் கட்டினான், பொதுத்துறை சுமந்தது. இதைப் பற்றி நான் ரயில்வேக்காரனாகப் பேச ஆரம்பித்தால் இரவாகிவிடும்.

பட்டியலில் நியாயமாக வேறென்ன வழிகள் எழுதியிருக்கலாம்? இதற்கு பெங்களூரில் ஒருவர் பதில் சொன்னார். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி. கர்நாடக அரசின் குழு ஒன்று 1987ல், 2000ஆம் ஆண்டுக்குள் இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று ஒரு பெரிய திட்டம் போட்டது. ரெட்டியும் அவருடைய சகாக்களும் கேள்வியையே மாற்றினார்கள். மக்களுக்கு வேண்டியது மெகாவாட்டா? விளக்கு வேண்டும், வயலுக்குத் தண்ணீர் ஏறவேண்டும், வெந்நீர் வேண்டும், மெஷின் ஓடவேண்டும். அதைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய வழி உண்டா என்று வரிசையாகப் பார்த்தார்கள். நல்ல பம்ப்செட், நல்ல விளக்கு, வெந்நீருக்குச் சூரிய வெப்பம். சேமிப்பையும் அனல் நிலையத்துக்குச் சமமாக ஒரு வழி என்று பட்டியலில் எழுதினார்கள். அரசுக் குழு கேட்டதில் பாதிக்கும் குறைந்த மின்சாரத்தில், மாநிலத்தின் எல்லா வீட்டுக்கும் விளக்கு கொடுத்தே, காரியம் நடக்கும் என்று கணக்கு வந்தது.

நம்பமுடியவில்லையா? சின்னக் கணக்குப் போடுங்கள். பத்து லட்சம் கோலிகளில் ஆளுக்கொரு 60 வாட் குண்டு பல்பு எரிந்தால் 60 மெகாவாட். அதே கோலிகளில் 9 வாட் எல்.இ.டி. எரிந்தால் 9 மெகாவாட். மீதி 51 மெகாவாட்டுக்கு யாரும் வீடு காலி செய்யவேண்டாம், யாரும் இருமவேண்டாம். ஆனால் சேமிப்பில் காண்டிராக்ட் சிறியது, கமிஷனும் சிறியது. ஆகவே அது பட்டியலில் ஏறத் தாமதமாகிறது.

இப்போது நம் மும்பைக்கு வருகிறேன். இங்கே கணக்கு அவ்வளவு சுலபமில்லை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுக்க மின்சாரம் போயிற்று. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனாக் காலம், ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்கருவியில் ஆட்கள் கிடந்தார்கள். வெளியிலிருந்து வரும் கம்பிகள் அறுந்தாலும் நகரம் பிழைக்கவேண்டும் என்றால் நகரத்துக்குள்ளேயே மின்நிலையம் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். அது வெற்றுப் பேச்சில்லை. நகரத்துக்குள் இருக்கும் பெரிய நிலையம் எங்கே? டிராம்பேயில், மாகுலில். பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அங்கே காற்று எப்படி என்று செம்பூர், மான்கூர்ட் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களைக் கேளுங்கள். 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே மாகுல் காற்று மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்றது. அதற்குப் பிறகும், தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்த குடிசைகளை இடித்து, அந்த மக்களை 2017 முதல் மாகுல் அடுக்குவீடுகளுக்கே அனுப்பினார்கள்! அவர்கள் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடி, 2019ல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது.

இரண்டு பக்கமும் உயிர் இருக்கிறது. மின்சாரம் நின்றால் ஆஸ்பத்திரியில் உயிர், புகை நிற்காவிட்டால் மாகுலில் உயிர். பல அளவுகோல் முறை இங்கேதான் உண்மையில் தேவைப்படுகிறது. ஏனென்றால் ஒழுங்காகப் பட்டியல் போட்டால் இரண்டே இரண்டு வழி என்பது பொய்யாகிவிடும். வெளியிலிருந்து கூடுதல் மின்பாதை ஒரு வழி, பேட்டரியில் சேமித்து வைப்பது ஒரு வழி, எரிவாயு ஒரு வழி, ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் முதலிடம் கொடுத்துப் பெரிய கடைமாடங்களின் ஏ.சி.யை அணைப்பதும் ஒரு வழி. மின்பாதை போட்டால் அலையாத்திக் காடு வெட்டவேண்டியிருக்கும், அதற்கும் ஒரு பத்தி போடவேண்டும். என் கருத்தைக் கேட்டால், மனிதர் வாழமுடியாத காற்றுக்கு வீட்டோ கொடுக்கவேண்டும், மீதியைப் பிறகு கூட்டலாம். உங்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம்.

(கூடங்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.)

எடைக்கல் நம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சொந்தச் சரித்திரமே இருக்கிறது. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு பெரிய குடிசைப்பகுதி இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் தலைமையில் மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனியை இடித்து மக்களைச் சதுப்புநிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். அந்த முடிவில் குடிசைக்காரனின் கிணறு, கோயில், பள்ளி, வேலைக்குப் போகும் தூரம் எதற்காவது எடை இருந்ததா?

ஜோக்கின் 2018ல் மறையும் வரை விடாமல் சொல்லிவந்த ஒரு விஷயம், நம்மை நாமே எண்ணவேண்டும் என்பது. அரசாங்கம் எண்ணினால் பாதிப் பேரை விட்டுவிடும். குடிசைவாசிகளே கணக்கெடுத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், ஆளில்லை என்று சொல்லமுடியாது. 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பு அப்படித்தான் நடந்தது. எண்ணிக்கை இல்லாதவனுக்குப் பட்டியலில் பத்தி போடமாட்டார்கள்.

இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் கவனிக்கவேண்டும். புதிய மின்நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, அந்த மாவட்டத்திலேயே பொது விசாரணை நடத்தவேண்டும், முப்பது நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும். அறிவிப்பு ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வரும், தமிழில் வராது. நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி வாசிக்கிறார்கள். பத்திரிகையின் அந்த மூலையை அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஆணையத்தின் முன் போய் நிற்கிற கம்பெனி வக்கீலிடம் நாம் கேட்கவேண்டியது அதிகமில்லை. எத்தனை வழிகளை ஒப்பிட்டீர்கள்? சேமிப்பு அதில் ஒன்றா? எடையை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அந்தப் பட்டியலை எங்களிடம் காட்டுங்கள். எடையைக் கொஞ்சம் மாற்றினால் முடிவு மாறுகிறதா என்று போட்டுப் பார்த்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் நிபுணர்களே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அது அவர்கள் பாடத்திலேயே இருக்கிற கேள்வி.

செயற்குழு ஒரு படிவம் தயார் செய்திருக்கிறது, ஒரே பக்கம்தான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இந்தச் சந்தில் இருக்கிறீர்கள், மாத பில் எவ்வளவு, மீட்டர் யார் பெயரில், இருமல், மூச்சுத்திணறல் யாருக்காவது உண்டா, எந்த மாதத்தில் அதிகம். கடைசியில் ஒரு கட்டம், பத்து எடையை உங்கள் வீட்டார் எப்படிப் பிரிப்பார்கள் என்று: விலை, காற்று, தடையில்லா மின்சாரம், வேலை, குடியிருப்பு. புருஷன் ஒரு கட்டம், மனைவி ஒரு கட்டம், தனித்தனியாக நிரப்பவேண்டும். பார்த்து எழுதக்கூடாது. மீட்டர் வேறு ஒருவர் பெயரில் இருந்து, அவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறவர்கள் அதையும் எழுதுங்கள், உங்கள் பெயர் வெளியே போகாது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் இளைஞர்கள் இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவார்கள். கடைசி ஆறு மாத பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.